ஒரு சிறு கழகமும் இரு கோப்பைகளும்

மக்கள் உள்ளம் பற்றிக்கொள்ளும் பொருள்கள் பல. ஒருவர் நிலத்தின்மீது பற்று வைப்பர், ஒருவர் நூல்களின்மீது, ஒருவர் பிறந்த ஊரின்மீது. இப்பற்றுகளுக்கெல்லாம் காரணம் கூறுதல் எளிது. நிலம் விளைவு தரும்; நூல் அறிவு தரும்; ஊரோ தாயை ஒப்பது. ஆனால், தான் பிறவாத நாட்டில், தான் ஒருநாளும் ஆடியறியாத ஆட்டத்தில், வெல்வது அரிதாகவும் தோற்பது இயல்பாகவும் உள்ள ஒரு சிறு கழகத்தின்மீது ஒருவன் பற்றுக் கொள்வானாயின், அதற்குக் காரணம் கூறுதல் எளிதன்று. அத்தகைய பற்றொன்று எனக்கு உண்டு. நம் கல்லூரியின் பழைய மாணவனாகிய யான் இப்பொழுது ஸ்காட்லாந்து தேசத்துப் பெர்த் நகரில் வசிக்கிறேன். அந்நகரத்துச் செயின்ட் ஜான்ஸ்டன் காற்பந்துக் கழகம் 2020-21-ஆம் ஆட்ட ஆண்டில் ஒருவரும் எதிர்பாராத வகையில் இரு பெருங்கோப்பைகளை வென்ற வரலாற்றையும், அவ்வாண்டு என் உள்ளத்தில் எழுப்பிய ஒரு கேள்வியையும் நேயர்களுக்கு உரைக்க விரும்புகிறேன்.

பெர்த் பழைமையான நகரம். டே என்னும் நதி அதன் பக்கமாக அகன்று ஓடுகிறது. ஸ்காட்லாந்தின் அரசர்கள் முடிசூடிய ஸ்கூன் என்னும் தலம் அதற்கு அணித்தே உள்ளது. நகரின் நடுவே புனித யோவானின் ஆலயம் நிற்கிறது. 1559-ஆம் ஆண்டில் ஜான் நாக்ஸ் என்னும் சீர்திருத்தவாதி பிரசங்கம் செய்த இடம் இதுவே. இவ்வாலயம் பற்றி முற்காலத்தில் அவ்வூருக்குப் 'புனித யோவானின் ஊர்' என்றே பெயர் வழங்கிற்று. அப்பழம்பெயரே கழகத்தின் பெயராகிய செயின்ட் ஜான்ஸ்டன் என்பது. 1884-ஆம் ஆண்டில், அவ்வூர்க் கிரிக்கெட் சங்கத்தார் சிலர், கிரிக்கெட் ஆடவொண்ணாத குளிர்காலத்திலும் தங்கள் கால்கள் சும்மா இராதிருத்தற்பொருட்டு இக்கழகத்தைத் தோற்றுவித்தனர். நகரத்து ஜனத்தொகை இன்றும் ஐம்பதினாயிரத்தை எட்டாதது. நகருக்கு மேற்கே, மக்டியர்மிட் என்னும் உழவர் ஒருவர் கொடையாக அளித்த நிலத்தில், 1989-ஆம் ஆண்டில் கழகத்தின் புதிய மைதானம் திறக்கப்பட்டது. அந்த உழவரின் பெயரே மைதானத்தின் பெயரும் ஆயிற்று. அதிலுள்ள பதினாயிரத்துச் சில்லறை இருக்கைகள் நிரம்பும் நாள்கள் மிகச் சிலவே.

ஸ்காட்லாந்தின் காற்பந்து நிலையைச் சிறிது விளக்காவிடில் இக்கழகத்தின் செயலருமை விளங்காது. கிளாஸ்கோ மாநகரத்தின் செல்ட்டிக், ரேஞ்சர்ஸ் என்னும் இரு பெருங்கழகங்களே அந்நாட்டின் வெற்றிகளில் மிகப் பெரும்பங்கைத் தமக்கென எடுத்துக்கொள்வன. 2016 முதல் 2020 வரை நடந்த நான்கு ஆட்ட ஆண்டுகளில் உள்நாட்டில் வெல்லத்தக்க பன்னிரண்டு பட்டங்களையும் செல்ட்டிக் கழகம் ஒன்றே வென்றது. ஏனைய ஊர்க் கழகங்கள், பெரிய ஆலமரத்தின் நிழலில் முளைத்த செடிகளைப் போல, கிடைத்த வெயிலில் வாழ்ந்து வருவன. செயின்ட் ஜான்ஸ்டன் கழகம் லீக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை 1969-ஆம் ஆண்டில் ஒருமுறையும் 1998-ஆம் ஆண்டில் ஒருமுறையும் எட்டிற்று. முதல் முறை செல்ட்டிக்கிடமும், இரண்டாம் முறை ரேஞ்சர்ஸிடமும் தோற்றுத் திரும்பிற்று. தோன்றி 130 ஆண்டுகள் சென்றபின், 2014-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதியன்றுதான், டண்டி யுனைடெட் கழகத்தை இரண்டுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்று ஸ்காட்டிஷ் கோப்பையை முதன்முறையாகக் கையிலேந்திற்று.

யான் பெர்த் நகருக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டில். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் கணக்கர் வேலை. எனக்கு வாய்த்த வீடு ஒரே கூரையின்கீழ் நடுச்சுவரொன்றால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மறுபாதியில் வசித்தவர் மனைவியை இழந்த முதியவர். சிறு பிராயத்தில் தந்தையின் தோளிலமர்ந்து கழகத்தின் பழைய மைதானத்திற்குச் சென்றது முதல் ஆட்டம் பார்த்து வருபவர். வந்த முதல் வாரத்தில் அவர் என்னைத் தம் வீட்டிற்கு அழைத்துத் தேநீர் அளித்து, "மகனே, ஓராண்டு தாமதித்து வந்துவிட்டாய். இனி நீ இன்னும் 130 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்" என்றார். தம்மின் இளையவர் எவரையும் 'மகனே' என்றழைப்பது அந்நாட்டு முதியோர் வழக்கம். ஆயினும் தந்தையை இழந்து, கடல்கடந்து, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அச்சொல் வெறும் வழக்கச் சொல்லாகப் படவில்லை. அடுத்த சனிக்கிழமையன்று அவருடன் மைதானத்திற்குச் சென்றேன். மழை பெய்தது, நம் கழகம் தோற்றது, திரும்பும் வழியில் அவர் ஆட்டக்காரர்களைப் பெயர் பெயராகத் திட்டிக்கொண்டே வந்தார். மறுவாரமும் சென்றோம். இவ்வாறு ஐந்தாண்டுகள் அவர் இருக்கைக்கு அடுத்த இருக்கை என்னுடையதாயிற்று.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா என்னும் கொள்ளைநோய் ஆட்டங்களையெல்லாம் நிறுத்திற்று. மே மாதத்தில், 2014-இல் கோப்பை வென்று தந்த மேலாளர் டாமி ரைட் கழகத்தை விட்டு விலகினார். அவ்விடத்திற்குக் கேலம் டேவிட்சன் என்பவர் வந்தார். இவர் இளமையில் இதே கழகத்தில் ஆடியவர். பின்னர் இங்கேயே துணை மேலாளராகவும் இருந்தவர். ஆனால் தலைமைப் பொறுப்பில் இதுவே அவர்க்கு முதல் ஆண்டு. ஆகஸ்டு மாதத்தில் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின; எனினும் மைதானத்தின் வாயில்கள் அபிமானிகளுக்கு அடைபட்டே இருந்தன. வீட்டிலிருந்தே திரையில் காணவேண்டியதாயிற்று. எங்கள் முதியவர்க்கோ சுவாசகோசத்தில் நோய் உண்டு. வெளியே வராமலும் ஒருவரையும் உள்ளே விடாமலும் தம்மைக் காத்துக்கொள்ளவேண்டுமென்று அவர்க்குக் கடிதம் வந்திருந்தது. அவருக்கு வேண்டும் மளிகைப் பொருள்களை வாங்கி வாயிற்படியில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நிற்பேன். அவர் சன்னலருகில் வந்து கையசைப்பார். ஐந்தாண்டுகள் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்த எங்களிடையே அந்த நடுச்சுவர் அன்றுதான் உண்மையில் சுவராயிற்று.

ஆட்ட ஆண்டின் முற்பகுதியில் லீக் வரிசையில் கழகத்தின் நிலை மகிழத்தக்கதாக இல்லை. ஆயினும் டேவிட்சன் ஒரு முறையை மெல்ல மெல்ல நிலைநாட்டினார். ஆட்டத் தலைவன் ஜேசன் கெர், லியாம் கார்டன், ஜேமி மக்கார்ட் என்னும் மூவரையும் கோலுக்கு முன்னே அரண்போல நிறுத்தினார். இரு ஓரங்களிலும் ஓயாது ஓடவல்ல இருவரை வைத்தார். அவ்விருவருள் வலப்புறத்தவன், முந்திய கோடையில் இன்வர்னஸ் நகரத்துக் கழகத்திலிருந்து வந்த ஷான் ரூனி என்னும் நெடிய உருவினன். பின்னே கோலைக் காத்தவன் ஜாண்டர் கிளார்க். இவர்களுள் ஒருவரும் பெருவிலை கொடுத்து வாங்கப்பட்டவரல்லர். எதிரிக்குக் கோல் கொடாதிருப்பதே வெற்றிக்குப் பாதி வழி என்பது அவர்கள் கண்ட நெறி.

லீக் கோப்பையில் மதர்வெல் கழகத்தை வென்றோம். டன்ஃபெர்ம்லின் கழகத்தைப் பெனால்டி உதைகளால் கடந்தோம். 2021-ஆம் ஆண்டு சனவரி 23-இல், கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் ஹைபெர்னியன் கழகத்தை மூன்றுக்குப் பூச்சியம் என்று வீழ்த்தியபோது, எங்கள் ஊரார் தம் கண்களைத் தாமே நம்பவில்லை. பிப்ரவரி 28-இல் இறுதி ஆட்டம், எதிரி லிவிங்ஸ்டன்.

அவ்வாட்டத்தை முதியவர் தம் வீட்டிலும் யான் என் வீட்டிலும் கண்டோம். ஆட்டத்தைக் கொணரும் வழி இருவர்க்கும் வேறாதலின், அவர் திரையில் தோன்றிய காட்சி என் கணினியில் தோன்றுவதற்குச் சில நொடிகள் பிடிக்கும். 32-ஆம் நிமிடத்தில் கிரெய்க் கான்வே மூலையுதைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பந்து இன்னும் அவர் காலை விட்டு எழவில்லை. அப்பொழுது நடுச்சுவரின் அப்பாலிருந்து ஒரு கூக்குரல் எழுந்தது; சுவரில் கைத்தடியால் இடிக்கும் ஓசையும் தொடர்ந்தது. கோல் என்று அறிந்துகொண்டேன். அதன்பின்னரே என் திரையில் பந்து பறந்து வந்தது, ரூனி உயர எழும்பித் தலையால் முட்டினான், வலை அசைந்தது. ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கிலேயே ஆட்டம் முடிந்தது. கழகத்தின் வரலாற்றில் அதுவே முதல் லீக் கோப்பை. ஐம்பதினாயிரம் பேர் அமரவல்ல மைதானத்தில் ஆட்டக்காரர் தம் மகிழ்ச்சிக் குரல் தம்மிடமே எதிரொலித்து வரக் கோப்பையை ஏந்தி நின்றனர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மகிழ்ச்சி ஒரு காரணம், மற்றொரு காரணம் ஒரு கேள்வி. அபிமானியின் ஆரவாரம் ஆட்டக்காரனுக்கு ஊக்கமளிக்கிறதென்றும், கூட்டமே பன்னிரண்டாம் ஆட்டக்காரன் என்றும் உலகோர் கூறுவர். அவ்வாறாயின், கூட்டம் இருந்த 136 ஆண்டுகளில் ஒரே ஒரு பெருங்கோப்பை வென்ற கழகம், கூட்டமே இல்லாத ஓராண்டில் மற்றொன்றை வென்றதற்கு என்ன பொருள்? மழையிலும் பனியிலும் இந்த முதியவர் எழுபதாண்டுகள் சென்று அமர்ந்ததெல்லாம் யாருக்கு என்ன பயன் தந்தது? கணக்கர் தொழில் செய்பவனுக்கு இக்கேள்வி எளிதில் விட்டு நீங்குவதன்று. வரவு ஒருபுறமும் செலவு ஒருபுறமும் எழுதிப் பார்த்தேன். அபிமானி என்ற பெயருக்கு நேரே எழுதத்தக்க தொகை ஒன்றும் புலப்படவில்லை.

இதற்கிடையில் ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டங்கள் தொடங்கின. ஏப்ரல் 25-இல் ரேஞ்சர்ஸ் கழகத்தை அவர்களது ஐப்ராக்ஸ் மைதானத்திலேயே எதிர்க்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டு லீக்கின் 38 ஆட்டங்களில் ஒன்றிலும் தோலாது பட்டம் பெற்ற கழகம் அது. எங்களவர் தளராது நின்று 90 நிமிடங்கள் கடந்தும் கோல் விழவிடவில்லை. மிகுதி நேர ஆட்டத்தின் இறுதியில், 117-ஆம் நிமிடத்தில், ரேஞ்சர்ஸின் தலைவன் டவெர்னியர் கோல் அடித்தான். முடிந்தது என்று எண்ணிக் கணினியை மூடக் கை நீட்டினேன். எங்களுக்குக் கடைசியாக ஒரு மூலையுதை கிடைத்தது. கோல் காப்பவனாகிய கிளார்க்கே தன் கோலைக் காலியாக விட்டுவிட்டு எதிரியின் கோலை நோக்கி ஓடினான். அவ்வேளையில் சுவர் அதிர்ந்தது. கைத்தடி ஒருமுறையன்று, பத்துமுறை இடித்தது. பந்து கிளார்க்கின் தலையில் பட்டு, கிறிஸ் கேன்மேல் பட்டு உள்ளே செல்லும் காட்சியைச் சில நொடிகள் பின்னரே கண்டேன். தொடர்ந்த பெனால்டி உதைகளில் கிளார்க் இரண்டைத் தடுத்தான். நான்குக்கு இரண்டு என்று வென்றோம். பின்னர் அரையிறுதியில் செயின்ட் மிர்ரன் கழகத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்று, மே 22-இல் மீண்டும் ஹைபெர்னியன் கழகத்தை இறுதி ஆட்டத்தில் சந்திக்கும் நிலை வந்தது.

அவ்வாட்டத்திற்குச் சில நூறு அபிமானிகளையேனும் அனுமதிக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. ஆனால் கிளாஸ்கோ நகரில் நோய் தணியாமையால் கட்டுப்பாடுகள் அங்கே நீடித்தன. மைதானம் முன்போலவே வெறுமையாயிருந்தது. பெர்த்திலோ அவ்வாரந்தான் கட்டுப்பாடுகள் தளர்ந்து, ஒரு வீட்டார் மற்றொரு வீட்டினுள் செல்லலாம் என்றாயிற்று. முதியவர் தடுப்பூசியும் இட்டுக்கொண்டிருந்தார். ஓராண்டுக்கு மேலாகியபின் அன்றுதான் அவர் வீட்டு வாயிற்படியைக் கடந்து உள்ளே சென்றேன். அவர் மெலிந்திருந்தார். கழகத்தின் நீலநிறக் கழுத்துத்துணி அவர் தோளில் கிடந்தது. எனக்கென்று ஒரு நாற்காலியை மைதானத்தில் யான் அமரும் அதே பக்கத்தில் போட்டு வைத்திருந்தார்.

பெர்த்திலேயே பிறந்தவனும் 2014-இல் ஆடியவர்களுள் ஒருவனுமாகிய டேவிட் வதர்ஸ்பூன் இடப்புறத்தில் பந்தைப் பெற்று, எதிரியை ஏமாற்றித் திருப்பி, கோலின் முன்னே உயர்த்தி அனுப்பினான். ரூனி மீண்டும் தலையால் முட்டினான். முந்திய இறுதி ஆட்டத்தைப் போன்றே 32-ஆம் நிமிடம், அதே ஆட்டக்காரன், அதே கணக்கு. பிற்பாதியில் எங்களுக்குக் கிடைத்த பெனால்டி வீணானபோதும் அரண் உடையவில்லை. கோல் விழுந்தபோது முதியவர் கூவவில்லை. இடிப்பதற்குச் சுவரும் இடையில் இல்லை. என் கையைப் பற்றிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை விடாதிருந்தார். அப்பிடியில் என் விரல்கள் நொந்தன.

கோப்பைகள் இரண்டையும் ஒரே ஆண்டில் வெல்வது, கிளாஸ்கோவின் இரு பெருங்கழகங்களை விட்டால், அதற்குமுன் அபர்தீன் கழகம் ஒன்றே செய்த செயல். லீக்கிலும் எங்கள் கழகம் ஐந்தாம் இடம் பெற்றது. அன்று மாலை என் கேள்வியை முதியவரிடம் கேட்டேன்: "நாம் ஒருவரும் செல்லாத ஆண்டில் அவர்கள் இரு கோப்பைகள் வென்றார்களே, அப்படியானால் நாம் இத்தனை ஆண்டுகள் சென்றது எதற்கு?" அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "மகனே, வெல்வது அவர்கள் வேலை, வருவது நம் வேலை. இரண்டும் வேறு" என்று மட்டும் சொன்னார்.

இவ்விடை அப்பொழுது எனக்கு முழுவதும் விளங்கவில்லை. விளங்கிய நாள் அவ்வாண்டு ஆகஸ்டு 12. கோப்பை வென்ற சிறப்பால் ஐரோப்பியப் போட்டியில் இடம்பெற்ற எங்கள் கழகம், துருக்கியின் புகழ்பெற்ற கலத்தாசராய் கழகத்தோடு இஸ்தான்புல் நகரில் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்து திரும்பியிருந்தது. மறு ஆட்டம் எங்கள் மைதானத்தில். வாயில்கள் திறந்தன. பெருங்கூட்டம் கூடிற்று. இரு கோப்பைகள் வென்ற அவ்வீரரை நாங்கள் நேரில் கண்டு ஆரவாரித்த முதல் நாட்களுள் அஃதொன்று. அன்று அவர்கள் இரண்டுக்கு நான்கு என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்தபின்னும் கூட்டம் கலையவில்லை. வெற்றி நாளில் தர முடியாது போன கைதட்டலைத் தோல்வி நாளில் நின்று தந்தோம். சில வாரங்களுள் ஆட்டத் தலைவன் கெர் உள்ளிட்ட சிலர் பெரிய ஊதியம் நாடி இங்கிலாந்துக்குச் சென்றனர். அடுத்த ஆட்ட ஆண்டில் கழகம் கடைசிக்கு முந்திய இடம்வரை தாழ்ந்து, தீர்ப்பாட்டம் ஆடியே தன் நிலையைக் காத்துக்கொண்டது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்திலோ, பதினாறு ஆண்டுகள் இடைவிடாது இருந்த முதற்பிரிவிலிருந்து கடைசி இடம் பெற்று இறங்கியே விட்டது.

அபிமானி செய்யும் வேலை வெற்றியை உண்டாக்குவதன்று. உண்டாக்குபவர் வருவர், போவர். மேலாளர் மாறுவர்; ஆட்டக்காரர் வேறு சட்டை அணிவர்; கோப்பைகளையும் ஓராண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இவையெல்லாம் மாறும்போது மாறாது நின்று, இன்ன நாளில் இன்னது நடந்தது என்று நினைவில் வைத்திருந்து, புதிதாய் வந்த ஒருவனை அழைத்து அருகில் அமர்த்திச் சொல்லுபவர் யாரோ அவராலேயே கழகம் என்னும் பொருள் உயிரோடிருக்கிறது. 1884-இல் ஆடியவர்களை 2021-இல் ஆடியவர்களோடு இணைப்பது வேறெந்தக் கயிறு? என் கணக்கேட்டில் அதற்கு நேரே ஒரு தொகையும் எழுத முடியாமல் போனதற்குக் காரணம், வரவு செலவுகளை எழுதுவதற்கு முன்னே ஏடு ஒன்று வேண்டும். அபிமானியே அவ்வேடு என்பதுதான்.

கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அவ்வாண்டின் கோடையில் முதியவர் தம் இருக்கைச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்ள என்னை உடன் அழைத்துச் சென்றார். படியேற மூச்சு இடங்கொடாமையால் கீழ்வரிசையில் இரண்டு இடங்கள் கேட்டார். அவ்விடத்தில் மழை பட்டால் கூரை காக்காது என்று சீட்டு விற்ற பெண் எச்சரித்தாள். "எழுபதாண்டு நனைந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் நனைந்தால் என்ன?" என்று அவர் சிரித்துவிட்டு, இரு சீட்டுகளையும் வாங்கி, ஒன்றை என் கையில் வைத்தார்.